மூணு படி ஏறின வீடு இப்ப ஒரு படி இறங்குது

வேகமா வளர்ற ஊர் எதுவா இருந்தாலும், பெரிய மழை பேஞ்சு ஓய்ஞ்ச மறுநாள் காலையில தெருவுல இந்தச் சண்டை நடக்கும். "எங்கிருந்தோ வந்து அடுக்கடுக்கா கட்டிட்டீங்க, எங்க வீடு முங்குது"ன்னு பழைய ஆளு. "பள்ளத்துல வீட்டைக் கட்டிட்டு எங்களை ஏன் சார் திட்றீங்க, இடிச்சுட்டு உசத்திக் கட்டுங்க"ன்னு புது ஆளு.

பள்ளத்துல யாரும் வீடு கட்டலைங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி அந்த வீட்டைக் கட்டின கொத்தனார் தெருமட்டத்தைப் பார்த்துத்தான் ஒன்றரை அடி பேஸ்மட்டம் எழுப்பி, 6 அங்குல உயரத்துல மூணு படி வச்சாரு. முதல் படி இப்ப தாருக்குள்ள இருக்கு. ரெண்டாவதும் உள்ள. மூணாவதும் போய், வீட்டுத் தரைக்கு மேல 6 அங்குலத்துல தெரு நிக்குது. வீட்டுக்குள்ள போகணும்னா ஒரு படி இறங்கணும். வீடு இருந்த இடத்துலயேதான் இருக்கு. ஏறினது தெரு. இந்த ஒண்ணை மட்டும் ரெண்டு தரப்பும் குனிஞ்சு பார்க்க மாட்டேங்குறாங்களேன்னுதான் வயிறு எரியுது.

எப்படி ஏறுச்சுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. தார் ஒரு தடவை போட்டா வழக்கமா 40 மி.மீ. கனம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வச்சாலும் நாப்பது வருஷத்துல எட்டுத் தடவை, 320 மி.மீ. நடுவுல குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி மூடினப்ப, மேடுபள்ளத்தைச் சரி பண்றோம்னு ரெண்டு தடவை 75 மி.மீ. ஜல்லி, அது 150. கடைசியா "தார் நிக்க மாட்டேங்குது"ன்னு சொல்லி, பழைய தார் மேலேயே 200 மி.மீ. கான்கிரீட். கூட்டினா 670 மி.மீ. கிட்டத்தட்ட ரெண்டே கால் அடி! நாலு படியை முழுங்கிட்டு நிக்குது ரோடு. இதுல எந்த நாள்லயும் யாரும் வந்து "தெருவை உசத்தப் போறோம்"னு அறிவிக்கலை. பெரும்பாலும் ஒரு தடவைக்கு ரெண்டு விரல்கடை உயரம்தான் ஏறினதால யாருக்கும் உறைக்கலை.

தடுக்கிறதுக்கு வழி ரொம்ப நாளா இருக்கு. மில்லிங். கார்பைடு பல்லு வச்ச உருளை சுத்திப் பழைய தாரைச் சுரண்டி எடுக்கும். 40 எடுத்தா 40 போடு. அவ்வளவுதான் கணக்கு. சுரண்டின தாரைத் தூக்கிப் போடவும் வேண்டாம், புதுக் கலவையில ஒரு பங்கா சேர்க்கலாம். ஆனா நடக்கிறது என்ன? மில்லிங்னு வேலை உத்தரவுல எழுதியிருக்கும், மெஷினும் வரும், 10 மி.மீ. மேலாப்புல கீறிட்டுப் போயிடும். பார்க்கிறதுக்கு ரோடு முழுக்க வரிவரியா இருக்கும், "அரைச்சாச்சு"ன்னு நம்பிடுவாங்க. அதுமேல 40 போட்டா 30 ஏறிடுச்சு. சில தெருவுல நடுவுல மட்டும் அரைச்சுட்டு ஓரத்தை விட்டுடுவாங்க. அப்ப ஓரம் மேடாகி, தண்ணி ஓரத்து வடிகாலுக்குப் போகாம நடுரோட்டுலயே நிக்கும். 6 மீட்டர் ரோட்டுக்கு நடுவுக்கும் ஓரத்துக்கும் 75 மி.மீ. சரிவாவது இருந்தாத்தான் தண்ணி வடியும்.

இதுல பெரிய சாக்கு மேன்ஹோல். "மூடி அந்த உயரத்துல இருக்கு சார், அதுக்குச் சமமாத்தானே போட முடியும்" அப்படிம்பாங்க. அந்த மூடியை அந்த உயரத்துக்கு ஏத்தினதே போன தடவை ரோடு போட்டவங்கதான். மூடியைத் தாங்குற சட்டத்தைக் கழட்டி, அடியில இருக்கிற செங்கல் வரிசையில ஒண்ணோ ரெண்டோ எடுத்துட்டு, திரும்ப உக்கார வச்சா மூடி இறங்கிடும். ஒரு மேன்ஹோலுக்கு ஒரு கொத்தனார், ஒரு ஆளு போதும். இதைச் செய்யாம விட்டுட்டு, ஒரு தெரு முழுக்கத் தண்ணியில நிக்க வைக்கிறதை எந்த வார்த்தையில திட்டுறது?

இப்ப புதுக் கட்டடத்துக்கு வருவோம். பில்டர் தெருமட்டத்தைத்தான் அளக்கிறாரு, ஆனா இன்னைக்கு இருக்கிற மட்டத்தை. அதுக்கு மேல ரெண்டு அடி. அடுத்த இருபது வருஷத்துல ரோடு இன்னும் ஏறும்னு அவருக்குத் தெரியும், அதனால இன்னும் ஒரு அடி. பக்கத்து வீட்டுத் தரைக்கு அது மூணரை அடி மேல. அந்த மூணு அடி உயரத்துக்குக் காரை ஏத்த 8-க்கு 1 சரிவுல 24 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேணும். அதை மனைக்குள்ள வச்சா ஒரு கார் நிறுத்துற இடம் போயிடும்னு, நாலு அடியை வெளியில தெருவுல தள்ளிடுவாரு. அடியில மழைநீர் வடிகால் ஓடும், மேல கெட்டிக் கான்கிரீட். தண்ணி இறங்குற ஓட்டை அடைபட்டுப் போச்சு. உள்ள வண்டல் சேர்ந்தா தூர்வார ஆள் இறங்க முடியாது. ஒரு வாசல்ல அடைச்சா மேல்பக்கத்து வாசல் எல்லாத்துலயும் தண்ணி எதுத்து நிக்கும். வடிகால் மேல போட்டே ஆகணும்னா ரெண்டு ரெண்டு அடி நீளத்துல, கொக்கி வச்ச தனித்தனிப் பலகையாப் போடணும், தூக்கி எடுக்கிற மாதிரி. ஒட்டுமொத்தமா வார்த்து விடுறவங்களை எப்படித்தான் விட்டு வைக்கிறாங்களோ!

தண்ணி எவ்வளவுன்னு தெரியாமலே பேசுறோம். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பேஞ்சா 1 லிட்டர். 2400 சதுர அடி மனை 223 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு அதுமேல விழுறது 11,000 லிட்டருக்கு மேல. பழைய வீட்டுல பாதி மனை மண்ணு, மரம், கிணத்தடி. பெரும்பகுதியை நிலம் குடிச்சுக்கும். அந்த மனையில அடுக்குமாடி வந்து, சுவர்ல இருந்து சுவர் வரைக்கும் சிமெண்டுக் கல்லைப் பதிச்சா, பத்தாயிரம் லிட்டர் தெருவுக்கு ஓடி வரும். அப்படிப் பத்து மனை இருந்தா ஒரு லட்சம் லிட்டர். தெருவுலயே தாழ்ந்த இடம் எதுவோ அங்கதான் போய்ச் சேரும். போய்ச் சேருது.

"மழைநீர் சேகரிப்பு வச்சிருக்கோமே" அப்படிம்பாங்க. திறந்து பாருங்க. ரெண்டடிக்கு ரெண்டடி, ஆழமும் ரெண்டடி, உள்ள முழுக்க ஜல்லி. ஜல்லிக்கு நடுவுல இருக்கிற சந்துலதான் தண்ணி நிக்கணும். நூறு லிட்டர் கூடப் பிடிக்காது அது. அனுமதிக்காகத் தோண்டின குழி. 3 அடி விட்டத்துல, 15 அடி ஆழத்துக்கு உறை இறக்கினாத்தான் 3,000 லிட்டர் நிக்கும். களிமண் பூமின்னா உறிஞ்சறதும் மெதுவு, அப்ப மூணு உறைக்கிணறாவது வேணும். வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி வண்டலை வாரி, ஜல்லியைக் கழுவிப் போடணும். ரெண்டு வருஷம் கழுவலைன்னா தண்ணி உள்ள இறங்காம மேலாலேயே வழிஞ்சு ஓடும்.

மழைத்தண்ணி கூடப் பரவாயில்லை, துடைச்சு எடுத்துடலாம். சாக்கடை ஏறுதே, அதைத்தான் தாங்க முடியலை. சாக்கடைக் குழாய் நிரம்பினா, தெரு மேன்ஹோல் மூடி இருக்கிற உயரம் வரைக்கும் உள்ள தண்ணி ஏறும். அந்த மூடிக்குக் கீழ எந்த வீட்டுக் குளியலறைத் தரை இருக்கோ, அங்க முதல்ல பொங்கும். மூணாவது மாடியில கொட்டின தண்ணி, எதிர்வீட்டுக் கிழவியோட கழிவறையில கறுப்பா மேல வரும். அந்தம்மா முட்டியளவு தண்ணியில நின்னு வாரிக் கொட்டிட்டு இருக்கும்போது "இடிச்சுட்டுக் கட்டுங்க"ன்னு சொல்ல எப்படி மனசு வருது?

குழாய் ஏன் நிரம்புது? மொட்டை மாடி மழைத்தண்ணியைச் சாக்கடைச் சேம்பர்ல, அதாவது வீட்டுக் கழிவுக் குழாய் வந்து சேர்ற தொட்டியில, இணைச்சு விடுறதால. 150 மி.மீ. குழாய் 100-க்கு 1 சரிவுல இருந்தா வினாடிக்கு ஏறக்குறைய 15 லிட்டர்தான் கொண்டு போகும். மேல சொன்ன 11,000 லிட்டர் ஒரு மணி நேரத்துல வந்தா ஒரு மனைக்கு வினாடிக்கு 3 லிட்டர். அஞ்சு மனைத் தண்ணியைச் சாக்கடையில விட்டா குழாய் ரொம்பிடுச்சு. இந்தத் தப்பைப் புதுசா வந்தவங்க மட்டும் பண்ணலை. பழைய வீடுகள்ல பாதிப் பேரு பண்ணியிருக்காங்க. முற்றத்தைச் சிமெண்டுப் பூசினவங்க, பின்பக்கக் கிணத்தை மூடி அறை கட்டி வாடகைக்கு விட்டவங்க, மனையை அதே பில்டருக்கு வித்துட்டுப் போனவங்க எல்லாம் அந்த ஊர்க்காரங்கதான். வாடகைக்கு வந்த பிள்ளைங்களைப் பார்த்து "வந்தேறி"ன்னு கத்துறது அசிங்கம். ஒத்தி வீட்டுல ரெண்டு வருஷம் இருக்கிறவனா பேஸ்மட்டத்தோட உயரத்தை முடிவு பண்ணினான்?

உடனடியா வீட்டைக் காப்பாத்த, கடைசிச் சேம்பருக்கும் தெரு மேன்ஹோலுக்கும் நடுவுல, தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடுற நான்-ரிட்டர்ன் வால்வு ஒண்ணு வைங்க. மேல இருக்கிற அம்புக்குறி தெருப்பக்கம் பார்க்கணும். சுவருக்கடியில புதைக்காம, திறந்து கையை விடுற மாதிரி ஒரு சேம்பருக்குள்ள வைங்க. முடியோ துணியோ சிக்கினா உள்ள இருக்கிற தட்டு முழுசா மூடாது, அப்ப வால்வு இருந்தும் பிரயோஜனம் இல்லை. மழைக்காலத்துல மாசம் ஒரு தடவை கழுவணும். இன்னொண்ணு, தெருவுல தண்ணி எதுத்து நிக்கும்போது தட்டு மூடியிருக்கும், உங்க வீட்டுக் கழிவும் வெளிய போகாது. அந்த நேரத்துல குழாயைத் திறந்து விட்டா உங்க தண்ணியே உங்க வீட்டுல நிரம்பும். சம்ப் வாயைச் சுத்தி ஒரு அடி உயரத்துக்குக் கட்டு கட்டி மூடியை மேல ஏத்துங்க. கீழ இருக்கிற பிளக் பாயிண்டை எல்லாம் நாலு அடிக்கு மேல கொண்டு போங்க.

"உள்ள தரையை உசத்திக்கோங்க"ன்னு யோசனை சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. கூரை 10 அடி உயரம், கதவு 7 அடி. ரெண்டு அடி மண்ணைக் கொட்டித் தரை போட்டா கதவு அஞ்சு அடியாயிடும். நிலை எல்லாத்தையும் பேர்த்து மேல ஏத்தணும், கதவுக்கு மேல சுவரைத் தாங்குற லிண்டலை உடைக்கணும். சுவர்ல ஈரம் ஏறாம இருக்க பேஸ்மட்டத்துல ஒரு தடுப்பு அடுக்கு இருக்கும், அது வெளித்தரைக்கு மேல அரை அடியாவது நிக்கணும். தெரு ஏறினதுல அது மண்ணுக்குள்ள போயாச்சு. அதனாலதான் சுவர் மூணு அடி உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிருது. எத்தனை பெயிண்ட் அடிச்சாலும் நிக்காது. ஜாக்கி வச்சு வீட்டைத் தூக்கலாம், உண்மைதான். ஆனா ஓய்வூதியத்துல வாழுற மனுஷன், தெருவை உசத்தினவங்க பண்ணின தப்புக்கு வீட்டையே தூக்கணுமா?

சிகாகோவுல 1850-கள்லயும் 60-கள்லயும் தெருமட்டத்தை உசத்தினாங்க. சாக்கடை ஓட நிலம் போதுமான உயரத்துல இல்லைன்னு, புது மட்டத்தை நகர நிர்வாகமே நிர்ணயிச்சு, முதல்ல குழாயைப் போட்டு, அதுமேல மண்ணை நிரப்பி, செங்கல் கட்டடங்களைக் கூட ஜாக்கி வச்சுத் தூக்கினாங்க. அப்படித் திட்டம் போட்டு உசத்தின ஊர்லயே பில்சன் பகுதியில பல பழைய வீடுகளோட முற்றம் இன்னைக்கும் தெருவுக்குக் கீழ கிடக்குது. மட்டம்னு ஒண்ணை எழுதியே வைக்காத ஊர்ல என்ன ஆகும்?

அதனால சண்டையை நிறுத்திட்டு ஒரு டியூப் லெவல் வாங்குங்க. கொத்தனார் வச்சிருக்கிற அதே வெள்ளை டியூப், தெருவோட அகலத்தைப் போல ரெண்டு மடங்கு நீளம். தண்ணியை நிரப்பி, உள்ள ஒரு குமிழி கூட இல்லாம தட்டி விடுங்க. குமிழி இருந்தா மட்டம் பொய் சொல்லும். ஒரு முனை பழைய வீட்டு வாசக்கால்ல, மறுமுனை அடுக்குமாடியோட காம்பவுண்டுத் தூண்ல. ரெண்டு இடத்துலயும் ஒரே மட்டத்துல சிவப்புப் பெயிண்ட் கோடு. மேன்ஹோல் மூடி மேலயோ நடைபாதை மேலயோ குறி வைக்காதீங்க, அது நகரும். கோட்டுல இருந்து ரோட்டு நடுவுக்கு எத்தனை மி.மீ.ன்னு அளந்து, தேதியோட போட்டோ எடுத்து வைங்க. ரோடு போடப் போறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே வேலை உத்தரவு நகலைக் கேட்டு வாங்கி, மில்லிங் ஆழம் எவ்வளவுன்னு பாருங்க. ஏற்கனவே ஏறிப்போன தெருவுக்கு 40 எடுத்து 40 போட்டாப் பத்தாது, கூடுதலா எடுக்கச் சொல்லி எழுத்துல கொடுங்க. அதுல பழைய வீட்டுக்காரங்களும் மாடிக்காரங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். தனித்தனியாப் போனா "உங்களுக்குள்ள பேசிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.

மெஷின் பெரும்பாலும் ராத்திரிதான் வரும். அன்னைக்குத் தூங்காதீங்க. மாடியில இருந்து ரெண்டு பேர், கீழ்வீட்டுல இருந்து ரெண்டு பேர், ஆளுக்கொரு டார்ச்சோட இறங்குங்க. அரைச்ச பள்ளத்தோட விளிம்புல இரும்பு ஸ்கேலை நிறுத்தி, இருபது அடிக்கு ஒரு இடத்துல, நடுவுலயும் ரெண்டு ஓரத்துலயும் அளங்க. உத்தரவுல இருக்கிற ஆழம் வர்ற வரைக்கும் தார் லாரியைத் தெருவுக்குள்ள விடாதீங்க.