ஆட்டங்களை நிறுத்திய அலைதான் தடுப்பூசிக்கு விடை சொன்னது

"பத்து வருஷம் ஆகிற தடுப்பூசி, கொரோனாவுக்கு மட்டும் ஒரே வருஷத்தில் எப்படி வந்தது? ஏதோ ஒரு கட்டத்தை விழுங்கிவிட்டார்கள்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. விழுங்கவில்லை. எந்த மாதங்கள் எங்கே மிச்சமாயின என்று பார்க்க, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் 2020 நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். கூடைப்பந்தும் அமெரிக்கக் கால்பந்தும்தான் அங்கே பெரிய ஆட்டங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கில் மட்டும் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்.

2020 மார்ச் 12 அன்று, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ தன் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை ரத்து செய்தது. நான்கே நாளில், மார்ச் 16 அன்று, சியாட்டிலில் மாடர்னா தடுப்பூசி முதல் மனிதருக்குப் போடப்பட்டது. வைரஸின் மரபணு வரிசை சீனாவிலிருந்து வெளியானது ஜனவரி இரண்டாவது வாரத்தில்தான். ஜனவரி 13-க்குள் வடிவமைப்பு முடிந்துவிட்டது.

இது மூன்று நாள் வேலை இல்லை. வைரஸின் கூர்ப்புரதம் நம் செல்லுக்குள் நுழையும்போது உருமாறிவிடும். உருமாறுவதற்கு முந்தைய வடிவத்தைக் காட்டினால்தான் உடல் சரியான எதிர்ப்பொருளைச் செய்யும். அதை அப்படியே இறுக்கிப் பிடிக்க அதன் இரண்டு இடங்களில் இருப்பதை எடுத்துவிட்டுப் புரோலின் என்ற அமினோ அமிலத்தை வைக்கும் வித்தையை, கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த மெர்ஸ் வைரஸை வைத்து 2017-லேயே கண்டறிந்து வெளியிட்டிருந்தார்கள். கூர்ப்புரதம் செய்யும் குறிப்பை உடலுக்குக் கொண்டுபோகும் எம்ஆர்என்ஏ உள்ளே போனதும் உடல் அலறாமல் இருக்க அதன் ஓர் எழுத்தை மாற்றும் வழியை விஞ்ஞானிகள் காரிகோவும் வைஸ்மனும் 2005-இல் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினைந்து வருஷத்தையும் கணக்கில் சேர்க்காமல் "அவசரம்" என்பது நியாயமே இல்லை.

மற்ற மிச்சம் எல்லாம் காத்திருப்பில் கிடைத்தது. வழக்கமாக ஒரு கட்டம் முடிந்து, முடிவைப் பார்த்து, பணம் திரட்டி, அடுத்த கட்டம் தொடங்கும். தொழிற்சாலை கடைசியில்தான் வரும். 2020-இல் அரசுப் பணம் அந்த ஆபத்தைச் சுமந்ததால், பலிக்குமா என்று தெரியும் முன்பே உற்பத்தி தொடங்கியது. பலிக்காவிட்டால் குப்பையில் கொட்டவேண்டியதுதான்.

சுருக்கவே முடியாத பகுதி ஒன்று உண்டு. மாடர்னாவின் 30,000 பேர் சோதனையும், 40,000-க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்த ஃபைசர் சோதனையும் ஜூலை 27 அன்று பெரிய கட்டத்துக்குள் போயின. இரண்டு ஊசிக்கும் இடையே 21 அல்லது 28 நாள். இரண்டாம் ஊசிக்குப் பிறகு 7 அல்லது 14 நாள் கழித்துத்தான் நோயாளிகளை எண்ணத் தொடங்குவார்கள். அதற்கு மேல், பங்கேற்றவர்களில் பாதிப்பேரையாவது இரண்டாம் ஊசிக்குப் பின் இரண்டு மாதம் கண்காணித்திருக்க வேண்டும் என்றது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். மாடர்னா ஆள் சேர்த்து முடித்ததே அக்டோபர் 22. கூட்டிப் பாருங்கள், நவம்பர் கடைசிக்கு முன் அனுமதிக்கு வழியே இல்லை.

எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பதில்தான் சோதனையின் முடிவு இருக்கிறது, தேதியில் இல்லை. ஃபைசர் 32 நோயாளிகள் ஆனதும் ஒருமுறை எட்டிப்பார்க்கத் திட்டமிட்டிருந்தது, பிறகு அதைக் கைவிட்டது. நவம்பர் 9 அறிவிப்பின்போது எண்ணிக்கை 94. ஒன்பது நாளில் 170 ஆனது: மருந்துப்போலி (மருந்தில்லாத ஊசி) போட்டவர்களில் 162, தடுப்பூசி போட்டவர்களில் 8. ஊரில் தொற்று குறைவாக இருந்திருந்தால் இதே எண்ணுக்கு இன்னும் பல மாதம் காத்திருக்க நேர்ந்திருக்கும். அந்த இலையுதிர்கால அலைதான் அக்டோபர் 31, நவம்பர் 7 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளிலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் ஆட்டங்களை ரத்து செய்ய வைத்தது.

கால்பந்துக்கு வருவோம். ஆகஸ்ட் 11 அன்று பிக் டென், பேக்-12 என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள் சீசனைத் தள்ளிவைத்தன. செப்டம்பர் 16 அன்று பிக் டென் முடிவை மாற்றிக்கொண்டது. இடையில் வந்தது தடுப்பூசி அல்ல, தினமும் செய்யக்கூடிய விரைவு ஆன்டிஜென் சோதனை. அணியிலும் அதைச் சுற்றியுள்ளவர்களிடமும் ஏழு நாள் பாசிட்டிவ் விகிதம் முறையே 5, 7.5 சதவீதத்தைத் தாண்டினால் குறைந்தது 7 நாள் எல்லாம் நிறுத்தம். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தது நல்ல காரியம். ஆகஸ்டிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் குறை.

தினசரிச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. 120 பேர் அணியில், நூற்றுக்கு ஒன்று தவறாகப் பாசிட்டிவ் காட்டும் சோதனை என்றால், சராசரியாகத் தினம் ஒருவராவது காரணமின்றி வெளியே உட்காருவார். அதனால்தான் பிசிஆரில் உறுதிசெய்ய வேண்டும். அலபாமா பயிற்சியாளர் நிக் சேபனுக்கு அக்டோபரில் வந்த பாசிட்டிவ், அடுத்தடுத்த சோதனைகளில் பொய் என்று தெரிந்து, அதே வாரம் களத்துக்கு வந்தார். நவம்பரில் வந்தது நிஜம், ஆபர்ன் அணியுடனான ஆட்டத்தை வீட்டிலிருந்துதான் பார்த்தார்.

பிக் டென்னின் பெரிய தவறு நாட்காட்டியில் இருந்தது. பாசிட்டிவ் ஆனவர் 21 நாள் ஆட முடியாது. இதயத் தசை அழற்சி பயத்தால் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ, எம்ஆர்ஐ எல்லாம் முடிக்கவேண்டும். ஆனால் எட்டு வாரத்தில் எட்டு ஆட்டம், ஒரு வாரம்கூட ஓய்வு இல்லை. ரத்தானால் ரத்துதான். எஸ்இசி என்ற இன்னொரு கூட்டமைப்பு பத்து ஆட்டம் வைத்தும் நடுவில் ஒரு வாரமும் டிசம்பர் 12-ம் காலியாக விட்டிருந்தது. ஆடக் குறைந்தது 53 உதவித்தொகை வீரர்கள், அவர்களில் 7 பேர் தாக்குதல் வரிசைக்காரர்கள் (பந்து தம் அணியிடம் இருக்கும்போது முன்னால் நின்று எதிரிகளைத் தடுப்பவர்கள்) என்றும் விதி வைத்தது. ஒரே அறையில் உட்காருகிற அந்த வரிசையை தொற்று வந்த ஒருவருடன் தொடர்பில் இருந்தவர்களின் பட்டியல் 14 நாளுக்கு மொத்தமாகத் தூக்கிவிடும். பிக் டென் அணியான ஒஹாயோ ஸ்டேட் ஐந்தே ஆட்டம்தான் ஆட முடிந்தது. ஆறு ஆட்டம் வேண்டும் என்ற விதியைத் தளர்த்தித்தான் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த இதய பயமும் பெரிய எண்ணிக்கையில் சுருங்கியது. ஒஹாயோ ஸ்டேட்டின் முதல் ஆய்வில் தொற்று வந்த 26 வீரர்களில் 4 பேருக்கு அந்த அழற்சி. பிறகு பிக் டென் முழுவதும் 1,597 பேரைப் பார்த்தபோது 37, அதிலும் அறிகுறி இருந்தவர்கள் 9.

"வசந்தத்துக்குத் தள்ளியிருந்தால் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டு ஆடியிருப்பார்கள்" என்பவர்களுக்கு: டிசம்பர் 14 அன்று தொடங்கிய வரிசையில் மருத்துவப் பணியாளர்களும் முதியோர் இல்லங்களும்தான் முன்னால். இருபது வயது ஆரோக்கியமான பையன் கடைசியில் நின்றான், நிற்கவும் வேண்டும். 2021 கூடைப்பந்துப் போட்டியை முழுக்க இந்தியானாவில் நடத்தினார்கள். ஏழு நாள் தொடர்ந்து நெகட்டிவ் வந்தவர்களே உள்ளே. அப்படியும் மார்ச் 20 அன்று விசியு (வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம்) அணியில் தொற்று வந்து, ஓரிகனுடனான ஆட்டம் நடக்காமலே போனது. அந்த மாநிலத்தில் 16 வயது கடந்த எல்லோருக்கும் தடுப்பூசி திறந்தது 11 நாள் கழித்து, மார்ச் 31-இல்.