குசினிப் பக்கமிருந்து ஒரு லொட்ஜின் வரலாறு

கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில், கடந்த மாதம் நாற்பது பக்கமளவிலான ஓர் ஆங்கிலச் சிறுநூல் எனக்குக் கிடைத்தது. மலையகத்துச் சிறு நகரமொன்றில் இயங்கிய பிறீமேசன் லொட்ஜ், அதாவது பிறீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கிளை, தன் உறுப்பினர்களுக்காகத் தானே அச்சிட்டுக்கொண்ட வரலாறு அது. அந்த நகரத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பழைய உறுப்பினர்களின் பிள்ளைகள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவர்களைக் குறிவைத்த பதிவாக இது மாறிவிடக் கூடாது. கடைக்காரர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். காரணம், அந்த மண்டபத்தில் கூட்டம் நடக்கும் இரவுகளில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கோக்கியாக, அதாவது சமையற்காரராக, இருந்தவர் என் தாத்தா.

கொட்டாஞ்சேனைக்கு வரும் பஸ்ஸிலேயே நூலை வாசித்து முடித்துவிட்டேன். தலைவர்களாக இருந்தவர்களின் பட்டியல் ஆண்டு வாரியாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கம்பளம் வந்த கதையும், மழையில் கூரை ஒழுகியபோது யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்பதும், பியானோ ஒன்று மலைப்பாதையில் ஏற்றி வரப்பட்ட சிரமமும் இருந்தன. விருந்துகளின் சிறப்பைச் சொல்லும் இரண்டு பக்கங்களில் சூப் உண்டு, வறுத்த வான்கோழி உண்டு, விஸ்கி உண்டு. சமைத்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. தாத்தாவின் பெயரை எதிர்பார்த்து வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்; ஆனாலும் எதிர்பார்த்துத்தான் வாசித்தேன்.

இலங்கைத் தமிழில் இந்தச் சங்கத்தின் பெயரே ஒரு குழப்பம். மேசன் என்றால் நமக்குச் சுவர் கட்டுபவர். லொட்ஜ் என்றால் இரவுக்கு அறை வாடகைக்குக் கிடைக்கும் இடம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால், கட்டட வேலைக்கு வந்தவர்கள் தங்கும் விடுதி என்றே எவரும் நினைப்பர். தாத்தாவின் மனைவி, என் அப்பாயிக்கு, அந்தக் குழப்பம் இருக்கவில்லை. அவருக்கு அது 'தலைவெட்டிக் கோயில்'. கதவுக்கு வெளியே வாளுடன் ஒருவர் நிற்பதைத் தாத்தா சொல்லியிருந்தார், மிச்சத்தைத் தோட்டத்து லயக் குடியிருப்பின் கற்பனை நிரப்பிக்கொண்டது. வட இந்தியாவில் இதே கட்டடங்களை ஜாதூகர், அதாவது மந்திர வீடு, என்று மக்கள் அழைத்தார்கள். கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்தபோது அயலில் இருந்த கத்தோலிக்கத் தாய்மார் வேறொரு காரணத்துக்காக அந்தப் பெயரைக் கேட்டதும் சிலுவை அடையாளம் இடுவார்கள். 1738 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட் கத்தோலிக்கர் இதில் சேரக் கூடாதென்று விதித்த தடையின் எதிரொலி, இரண்டரை நூற்றாண்டு கழித்து எங்கள் ஒழுங்கையில் கேட்டது. இன்றைக்கு அதே பயம் உலகை ஆளும் இரகசியக் குழு என்ற வட்ஸ்அப் செய்தியாகத் திரும்பி வருகிறது. ஹிட்லரும் பிராங்கோவும் இவர்களைத் துரத்தித் துரத்தி ஒடுக்கியதைப் பார்த்தால், உலகை ஆண்டவர்களின் இலட்சணம் அப்படி இருக்குமா என்று அந்தச் செய்தியை அனுப்புகிறவர்கள் ஒரு கணம் யோசிக்கலாம்.

இவர்களின் கதை உண்மையில் மதுக்கடை ஒன்றில் தொடங்குகிறது. 1717 ஆம் ஆண்டு ஜூன் 24 ஆம் திகதி, இலண்டனில் இயங்கிய நான்கு லொட்ஜுகள் கூடித் தங்களுக்கு மேலாக ஒரு பெருஞ்சபையை அமைத்தன. 1723 இல் விதிநூல் அச்சாகியது. கல் செதுக்கும் தொழிலாளரின் மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு ஆகியவற்றை ஒழுக்கத்தின் குறியீடுகளாக எடுத்துக்கொண்டார்கள். தொழிற்பயிற்சியாளன், சகதொழிலாளி, வல்லுநன் என்ற வரிசையில் மூன்று படிகளை வைத்தார்கள். சேருபவர் ஏதோவொரு இறைவனை நம்ப வேண்டும், எந்த மதம் என்பது அவரவர் விடயம், கூட்டத்துக்குள் மதமும் அரசியலும் விவாதிக்கப்படக் கூடாது. செல்வர்களும் உத்தியோகத்தர்களும் கைத்தொழிலாளியின் மார்புத் துணியைக் கட்டிக்கொண்டு சமத்துவம் பேசிய இந்த விசித்திரத்தை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. ஆனால் சுவர் கட்டும் எந்த மேசன் பாஸும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இலங்கைக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர் என்றே பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே, 1770களில், ஒல்லாந்தர் கொழும்பில் லொட்ஜ் நடத்தினார்கள். 1796 இல் கொழும்பு கைமாறியபின் ஆங்கிலப் படைப்பிரிவுகளோடு இன்னொரு மரபு வந்து சேர்ந்தது. 1810 இல் இலங்கை மேசன்களின் மாகாணத் தலைவராக நியமிக்கப்பட்டவர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். அடுத்த ஆண்டு இத்தீவின் பிரதம நீதியரசரானவரும், உள்நாட்டவரும் உட்காரக்கூடிய ஜூரி முறையை இங்கே ஏற்படுத்தியவரும் அவரே. அவருடைய பிள்ளைப் பருவம் மதுரையில் கழிந்தது. சிறுவனாகவே தமிழ் கற்றவர். ஆகவே இலங்கையின் ஆங்கிலேய மேசன்களுடைய முதற் பெருந்தலைகளில் ஒருவருக்கு வைகைக் கரைத் தமிழ் தெரிந்திருந்தது. மலைநாட்டுச் சிறுநூல் அவருடைய பதவியைக் குறிப்பிடுகிறது, மதுரையைக் குறிப்பிடவில்லை.

பின்னர் 1838 இல் ஆங்கிலச் சபையின் கீழ் கொழும்பில் புனித யோவான் லொட்ஜும், 1861 இல் ஐரிஷ் சபையின் கீழ் ஸ்பிங்ஸ் லொட்ஜும் வந்தன. ஸ்கொட்லாந்துச் சபையும் தன் பங்குக்குக் கிளைகளை அமைத்தது. காலிமுகத்திடலுக்கு அருகே இன்றும் நிற்கும் விக்டோரியா மண்டபம் நம்மில் பெரும்பாலோர் கடந்துபோயும் கவனிக்காத கட்டடம்.

மலைநாட்டுக் கதை கொழும்பின் கதையிலிருந்து வேறுபட்டது. 1869 இல் கோப்பி இலைநோய் தொடங்கியபின் கோப்பி மெல்ல அழிந்து தேயிலை பரவியது. 1884 இல் புகையிரதம் ஹற்றனைத் தொட்டது. பாதை போன இடமெல்லாம் துரைமார் பெருகினார்கள். அடுத்த துரையைப் பார்க்கக் குதிரையில் பல மைல் போகவேண்டிய, மாதக் கணக்கில் தன் மொழியில் பேச ஆளில்லாத அந்த இளைஞர்களுக்கு, மாதமொருமுறை கூடும் மண்டபம் தேவாலயமும் கிளப்பும் தபாற்கந்தோரும் சேர்ந்த ஓர் இடமாக இருந்திருக்கும். நாட்டுப்புறத்து லொட்ஜுகள் பௌர்ணமியை ஒட்டிக் கூடுவது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய வழக்கம். கூட்டம் முடிந்து குதிரையில் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டுமல்லவா. தாத்தாவும் பௌர்ணமிக் கணக்கு வைத்தே மண்டபத்துக்குப் போனதாகச் சொல்வார். வெளிச்சத்துக்காக வைத்த அந்த நாள்தான் அப்பாயியின் தலைவெட்டிக் கதைக்குப் பெரும் சான்றாக இருந்தது!

உள்நாட்டவர் சேர்க்கப்பட்டார்களா என்ற கேள்விதான் சுவையானது. வெள்ளையருக்கு மட்டும் என்று கதவடைத்த கிளப்புகளைவிட லொட்ஜுகள் தாராளமானவை என்பது மேசன்கள் பெருமையோடு சொல்லும் பதில், அதில் உண்மை உண்டு. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் சேர்க்கப்பட்டார். 1884 இல் கல்கத்தாவின் ஒரு லொட்ஜில் சேர்ந்த நரேந்திரநாத் தத்தர், 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தராகக் கொழும்பில் வந்திறங்கியபோது அவரை மாலையிட்டு வரவேற்ற நம் சைவப் பெரியோரில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால் நவாபின் மகனுக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் என்ற வணிகர் பல தெய்வ வணக்கக்காரரான இந்து எப்படி ஒரு இறைவனை நம்புபவராவார் என்ற வாதத்தையெல்லாம் தாண்டி, ஆண்டுக்கணக்காகப் போராடி, 1872 இல்தான் உள்ளே போனார். சகோதரத்துவத்தின் வாசலில் நின்று தன் கடவுள் எத்தனை என்று ஒருவர் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

என் கையிலுள்ள சிறுநூலின் பிற்பகுதிப் பட்டியலில் பறங்கியர், சிங்களவர், பார்சிகள், முஸ்லிம்கள், தமிழர் என்று பெயர்கள் கலந்து வருகின்றன. வழக்கறிஞர், வைத்தியர், புகையிரத அதிகாரி. அந்தத் தமிழர்களில் மலையகத்தவர், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியினர், எவரும் இல்லை என்று பெயர்களைக் கொண்டு நான் ஊகிக்கிறேன். ஒரே மண்டபத்தில் மேசையில் ஒரு தமிழரும் குசினியில் இன்னொரு தமிழருமாக இருந்த அந்த இரவுகளைப் பற்றி, வெள்ளையர் மீது மட்டும் குற்றத்தைப் போட்டுவிட்டு நாம் கடந்துபோக முடியாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தாத்தாவை நாடற்றவராக்கியது. அந்த மாதமும் அவர் போய் வான்கோழி வறுத்திருப்பார். அரசியல் பேசக் கூடாதென்ற விதி அந்த மேசைக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மலைநாட்டு லொட்ஜுகளின் பழைய வாழ்வு, துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறியதோடும், 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானதோடும் தளர்ந்தது. சிறுநூல் இந்தக் காலத்தை இரண்டு பந்திகளில் முடித்துவிடுகிறது.

இனி நான் சொல்ல வந்த விடயம். ஒவ்வொரு லொட்ஜிலும் கூட்டக் குறிப்பேடும், வருகைப் புத்தகமும் உண்டு. வாளுடன் வாசலில் நிற்பவருக்கு டைலர் என்று பெயர்; வந்தவரெல்லாம் பெயரும் தாய் லொட்ஜும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே உள்ளே போகலாம். வெளியூரிலிருந்து வந்த விருந்தினரும் அப்படியே. அதாவது ஒரு மலைநகரத்தில் குறிப்பிட்ட இரவொன்றில் எந்தத் தோட்டத்துத் துரையும் எந்த அதிகாரியும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள் என்பது கையொப்பத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. கணக்கேட்டில் கோக்கிக்குக் கொடுத்த கூலி இருக்கும். கூலி எழுதினால் பெயரும் எழுதியிருப்பார்கள். தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டுக்கு வெளியே என் தாத்தாவைப் போன்றோரின் பெயர் தாளில் ஏறிய மிகச் சில இடங்களில் அது ஒன்று. அந்த ஏடுகள் ஈரமும் கறையானும் தின்ன, ஏதோ ஓர் அலுமாரியில் கிடக்கின்றன, அல்லது இந்தச் சிறுநூலைப் போல நடைபாதைக்கு வருகின்றன.

அவற்றைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒல்லாந்தக் கம்பனியின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளைப் பாதுகாக்கும் இடத்துக்கு ஒரு மலைநகரத்தின் முப்பது ஏடுகள் பாரமாகா. இரகசியம் காக்க வேண்டியிருக்கிறது என்று மறுமொழி வரக்கூடும். அது இனிச் செல்லாது. இங்கிலாந்துத் தலைமைச் சபையின் 1751 முதல் 1921 வரையான உறுப்பினர் பதிவேடுகள், குடியேற்ற நாட்டு லொட்ஜுகள் உட்பட, 2015 இலிருந்து இணையத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கக்கூடியனவாக இருக்கின்றன. துரைமாரின் பேரப்பிள்ளைகள் இலண்டனில் இருந்துகொண்டே தங்கள் தாத்தாமாரைத் தேடி எடுக்கிறார்கள். கைகுலுக்கும் முறையையும் கடவுச்சொல்லையும் அவர்கள் தாராளமாக மறைத்து வைத்துக்கொள்ளட்டும், எனக்குக் கூலிக் கணக்கு போதும்.

உள்ளே என்ன நடந்தது என்று தாத்தாவிடம் சிறு வயதில் நான் விடாமல் கேட்டதுண்டு. குசினிக் கதவின் வழியாகக் கேட்டவற்றில் கடைசி வாழ்த்தைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார். விருந்து முடியும்போது வாசற்காவலர் உள்ளே வந்து, உலகெங்கும் துன்பப்படும் ஏழைச் சகோதரருக்காகக் கிண்ணத்தை உயர்த்தச் சொல்வார். பல நாட்டு லொட்ஜுகளிலும் இது வழக்கம் என்பதைப் பின்னர் அறிந்தேன். தாத்தாவுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'புவர்' என்ற சொல் இருந்தது. அது காதில் விழுந்ததும் வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்குவாராம், கோப்பைகள் கழுவ வந்துவிடும் என்பதால்.

சிறுநூலின் பின்னட்டையில் இருந்த முகவரிக்கு, கணக்கேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். கடிதம் கிடைத்ததற்கான தபாலட்டை திரும்பி வந்துவிட்டது, யாரோ கையொப்பமிட்டுப் பெற்றிருக்கிறார்கள். மறுமொழி வந்தால் இங்கேயே எழுதுவேன். இந்தப் பதிவைப் பார்ப்பவர்களில் எவருடைய வீட்டிலாவது அப்படியொரு ஏடு இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.