கலர் கோழிக்குஞ்சு

போன மாதம் பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கலர் கோழிக்குஞ்சுகள். பச்சை, ரோஸ், ஆரஞ்சு. சாயம் சரியாகக் காயாமல் ரோமம் முள்ளு முள்ளாக நின்றது. மகள் ஒன்றைக் கையில் ஏந்தி, “தாத்தா, இது பெருசானா முட்டை போடுமா?” என்று கேட்டாள்.

“இல்ல பாப்பா, எல்லாம் சேவல்” என்றார் விற்றவர்.

அந்த ரோஸ் குஞ்சு இரண்டாம் நாள் ராத்திரி செத்துப்போனது.

முட்டைக்கோழி இனத்துச் சேவல் முட்டையும் போடாது, பிராய்லர் மாதிரி கறியும் பிடிக்காது. அதனால் ஹேச்சரியில் பொரிந்த அன்றே ஆண் குஞ்சுகளைப் பிரித்துக் கொன்றுவிடுகிறார்கள். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 700 கோடி என்கிறார்கள். அதில் தப்பியவை சில சாயத்தில் முங்கித் தெருவுக்கு வருகின்றன.

ஆண் குஞ்சுகளை இப்படிக் கொல்வதை ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. அங்கே 21 நாள் அடைகாப்பில் 9ஆம் நாளே முட்டை ஓட்டில் லேசரால் பொடித் துளை போட்டு, துளி திரவம் எடுத்து, பெண் ஹார்மோன் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் அந்த முட்டையை அப்போதே எடுத்துவிடலாம். இன்னொரு முறையில் ஓட்டைத் தொடுவதே இல்லை. 13ஆம் நாள் வாக்கில் ஒளி பாய்ச்சி, உள்ளே முளைத்திருக்கும் இறகின் நிறத்தைக் கேமராவால் பார்க்கிறார்கள்.

நமக்குச் சிக்கல் இங்கேதான். நிறம் பார்ப்பது பழுப்பு முட்டைக் கோழிக்குத்தான் சரிப்படும். அதில் பெண் பழுப்பு, ஆண் வெளிர். நாமக்கல்லிலிருந்து நம் கடைகளுக்கு வருவது வெள்ளை முட்டை. அந்த இனத்தில் ஆணும் பெண்ணும் ஒரே நிறம். அந்தக் கேமராவை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் வேலைக்கு ஆகாது. நமக்கானதை நாம்தான் செய்ய வேண்டும்.

கூண்டு விஷயம் வேறு. ஒரு தாள் அகலத்தில் கோழியை ஆயுசுக்கும் நிற்க வைக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த மாதிரி வெறுங்கூண்டை 2012லேயே தடை செய்துவிட்டார்கள். அதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம், கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

“முட்டை தின்கிறவனுக்கு எதுக்கு இந்தக் கவலை?” என்று மச்சான் கேட்டார். தின்கிறவன் கவலைப்படாமல் வேறு யார் படுவது?

நான் இந்த ஊரில் பதினான்கு வருஷமாக கேமரா மென்பொருள் எழுதுகிறேன். மாத்திரை அட்டையில் ஒன்று குறைந்தாலும் கண் இமைப்பதற்குள் பிடித்துவிடுவோம். முட்டையை 10 நிமிஷத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர இவ்வளவு மூளையைச் செலவழித்த பெங்களூரு, அந்த முட்டை பிறக்கிற இடத்தையும் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். கரண்ட் கட்டையும் தூசியையும் தாங்கி, சின்ன ஹேச்சரிக்காரரும் வாங்கக்கூடிய விலையில் ஒரு இயந்திரம் வேண்டும்.

ஒளியியல் தெரிந்தவர்கள், கால்நடை மருத்துவம் படித்தவர்கள், ஹேச்சரியில் வேலை பார்த்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அல்சூரில் என் மொட்டைமாடி அறை காலியாக இருக்கிறது. பழைய இன்குபேட்டர் ஒன்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.