தூரத்தை வைத்து மெச்ச வேண்டாம்
வேட்டைக்காரர் ஒருவர் 600 மீட்டர் தூரத்திலிருந்து எல்க் மானைச் சுட்டதை ஒரு வேட்டைக் கட்டுரை பெரிய சாதனை என்கிறது. அவ்வளவு தூரம் போகத் தோட்டாவுக்கு முக்கால் நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஓர் எட்டு வைத்தால் போதும், நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றில் பாயும்; சாக மணிக்கணக்காகும், உடனே துரத்தினால் இன்னும் தொலைவு ஓடிவிடும். எதிர்காற்றில் பதுங்கி 100 மீட்டருக்குள் போவதுதான் கஷ்டம். காற்று பிடரியில் படுகிறதா, உங்கள் வாடை மானுக்குப் போய்விட்டது, சுற்றித்தான் வர வேண்டும்.

வேட்டைக்காரர்கள் பெருமை பேசும் கொம்பு அளவைப் பற்றியும் ஒன்று. வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பான, 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் 60 நாள் உலர்த்திய பிறகே கொம்பை அளக்கிறது, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை துல்லியமாக. (அதில் தெரிவது மானின் வயதும் தீனியும், வேட்டைக்காரர் திறமை அல்ல!) தப்ப முடியாத வேலிக்குள் சுட்டதை அந்தக் கிளப் ஏற்பதில்லை. இந்த மான் வேலிக்குள் நின்றதா என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?