ஸ்வீடும் நுபக்கும் ஒன்றல்ல

"ஸ்வீட், நுபக் ரெண்டும் ஒரே தோல்தான், பேர்தான் வேற, நப்பான்னா (மெத்துனு வழவழப்பா இருக்கும் தோல்) ஆட்டுத்தோல் மட்டும்தான்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். இல்லைங்க. ஸ்வீட் தோலோட உட்புறம், சதை ஒட்டியிருந்த பக்கம். பல நேரம் தடித்த தோலைக் கிடையாகப் பிளந்து எடுத்த கீழ் அடுக்கு. நுபக்கோ, முடி இருந்த மேற்புறத்தை உப்புத்தாளால லேசா தேய்ச்சது. அங்கேதான் நார் நெருக்கமா இருக்கும். அதனால நுபக் சீக்கிரம் நைஞ்சு போகாது. விரலால கோடு இழுத்தா ரெண்டுலயும் தடம் விழும், குழப்பமே அதுலதான். நுபக்கோட இழை மட்டும் ரொம்பக் குட்டை.

நப்பா பெரும்பாலும் ஆட்டுத்தோல்தான், ஆனா மாட்டுத்தோல்லயும் வருது. கடையில 'அனிலின் ஃபினிஷ்'னு (கெட்டியான மேல்பூச்சு இல்லாம சாயம் மட்டும் ஏத்தினது) சொன்னா, பொருளோட உள்மடிப்புல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. உறிஞ்சிக் கறுத்தா மேல்பூச்சு அதிகமில்லை, மழைக்கு ஆகாது.