அந்த ‘போல’வை எங்கே செருகச் சொல்கிறீர்கள்?

சிவப்பு வட்டம் போட்ட அந்தப் படத்தை நேற்றிலிருந்து ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன், போதும். கீழே விழுந்து விழுந்து சிரித்தவர்களின் பட்டியலையும் பார்த்தேன். அதில் என் நண்பர்கள் சிலரும் உண்டு. சரி, இருக்கட்டும்.

ருமேனிய எழுத்தாளர் மிர்ச்சா கர்தரெஸ்குவின் ‘சொலினாய்ட்’ நாவல், ஆங்கில மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கர் விருதின் 2025 நெடும்பட்டியலில் வந்ததுதான் இத்தனைக்கும் காரணம். கதைசொல்லி கட்டிலுக்கு மேலே அந்தரத்தில் மிதக்கும் பக்கத்தை ஒருவர் படம் எடுத்து, வட்டம் போட்டு, நீளமாக ஒரு பதிவும் எழுதிவிட்டார்: ‘மிதப்பது போல இருந்தது’ என்றல்லவா வந்திருக்க வேண்டும், இதுதான் மொழிபெயர்ப்பின் லட்சணமா, இதற்கெல்லாம் பரிசா என்று ஒரு தீர்ப்பு.

ஐயா, அவனுக்கு மிதப்பது போல இல்லை. மிதக்கிறான். அவன் குடியிருக்கும் கப்பல் வடிவ வீட்டுக்கு அடியில் பிரம்மாண்டமான கம்பிச்சுருள் ஒன்று புதைந்து கிடக்கிறது. சுவிட்சைப் போட்டால் ஆள் மேலே எழும்புகிறான். அந்தச் சுருளின் பெயர்தான் புத்தகத்தின் பெயர். அறுநூறு பக்கத்துக்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் புரிகிறது. அட்டையையாவது படித்திருக்கலாம்.

கனவும் நனவும் கலக்கும் மீயதார்த்த (சர்ரியலிச) எழுத்தில் நடக்கும் சம்பவம்தான் விநோதமாக இருக்கும், வாக்கியம் நிதானமாக இருக்கும். வரவு செலவு எழுதுவது போல எழுதுவார்கள். (இங்கே ‘போல’ போடலாம், தப்பில்லை.) காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையின் நாயகன் கிரெகோர் சம்சா 1915-லிருந்து பூச்சியாகத்தான் இருக்கிறான், பூச்சி போல இல்லை. ஒரே ஒரு ‘போல’வைச் செருகினால் போதும், அவன் மனுஷனாக எழுந்து வேலைக்குப் போய்விடுவான். கதை முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் அந்த ‘போல’வைச் செருகாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாரே, அதுதான் அவருடைய வேலையிலேயே கஷ்டமான பகுதி. நீங்கள் பிழை என்று வட்டம் போட்டது அதைத்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறுகதையைத் தமிழில் மொழிபெயர்த்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். சுவர் மூச்சு விடும் கதை. இரண்டு மாதம் அதோடு கிடந்தேன். அச்சில் வந்ததும் பிரித்துப் பார்த்தால், ‘சுவர் மூச்சு விட்டது’ என்பது ‘சுவர் மூச்சு விடுவது போல் தோன்றியது’ என்று ஆகியிருந்தது. ஒரு இடத்தில் இல்லை, 17 இடத்தில். போன் செய்து கேட்டேன். “வாசகர் குழம்பிவிடக் கூடாதே, அதனால்தான் திருத்தினோம்” என்றார்கள். திருத்தினார்களாம்! அப்புறம் ஒரு வாசகர் கடிதம் வந்தது: கதை சப்பென்று இருக்கிறது, மொழிபெயர்ப்பில் உயிர் இல்லை. அந்தக் கடிதத்தை மட்டும் ஒரு எழுத்துகூடத் திருத்தாமல் போட்டார்கள்.

உடனே ஒருவர் வருவார்: உனக்கு ருமேனிய மொழி தெரியுமா? தெரியாது. வட்டம் போட்டவருக்குத் தெரியுமா? அடுத்தவர் 2016-ஐ இழுப்பார், அந்த வருடம் இதே புக்கரை வாங்கிய கொரிய எழுத்தாளர் ஹான் காங் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தனவே என்று. இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கொரிய மொழி தெரிந்தவர்கள் மூலத்தைப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டு அதைச் சொன்னார்கள். அது விமர்சனம். மூலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சிவப்பு மையை எடுப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது, இங்கே எழுத விரும்பவில்லை. ‘விருதுக்குழுக்களுக்குப் புரியாத எழுத்து என்றால்தான் பிடிக்கும்’ என்று மூன்றாவதாக ஒருவர் வருவார். இருக்கலாம். அதைப் பேச எனக்கு இன்று தெம்பில்லை.

‘சொலினாய்ட்’ நாவலிலேயே ‘காப்பாற்றுங்கள்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் பக்கம் பக்கமாக வரும் இடம் ஒன்று உண்டு. தயவுசெய்து அச்சுப்பிழை என்று நினைத்துப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று கவனித்தீர்களா? அவ்வளவு நீளப் பதிவில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் எங்குமே இல்லை. திட்டுவதற்குக்கூடப் பெயர் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்: ஷான் காட்டர். ‘இதற்கெல்லாம் பரிசா’ என்று கேட்டவருக்கு ஒரு தகவல். 2024-லேயே இந்த நூல் டப்ளின் இலக்கிய விருது வாங்கிவிட்டது. ஒரு லட்சம் யூரோ, அதில் 25,000 காட்டருக்கு. சர்வதேச புக்கரின் 50,000 பவுண்டையோ ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். அங்கே பாதிப் பணம் கொடுக்கிறார்கள், இங்கே ஒரு பெயருக்குப் பஞ்சம். என் கதை வந்த அந்த இதழிலும் மூல ஆசிரியர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்து அடியில், அதுவும் இனிஷியல் தப்பாக.

அந்த இதழ் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. 17 ‘போல்’களையும் பென்சிலால் அடித்து வைத்திருக்கிறேன்.