பிக் லைன் கட்டு: 7 நாள் கணக்கு எப்போது பொருந்தும்?

பிக் லைன் என்பது கையின் ரத்தநாளம் வழியாக உள்ளே போடும் மெல்லிய மருந்துக் குழாய்; அது நுழையும் இடத்தை மூடுவதுதான் கட்டு. ஒருவர், ‘பிக் லைன் கட்டை 7 நாள் தொடவே கூடாது, ஆற்றில் குளித்து நனைந்தாலும் தானே காய்ந்துவிடும்’ என்கிறார். பாதிதான் சரி. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கட்டு சுத்தமாக, உலர்ந்து, ஓரம் பிரியாமல் இருக்கும்வரைதான் 7 நாள். காஸ் எனும் மெல்லிய பருத்தி வலைத்துணிக் கட்டு என்றால் 2 நாள். நனைந்தாலோ ஓரம் தூக்கினாலோ உடனே நர்ஸிடம் மாற்ற வேண்டும். குழாயின் நுனி இதயத்தின் பக்கத்தில் இருக்கிறது. கிருமி ஏறினால் நேராக ரத்தத்தில்தான். குழாயை எடுக்கும்வரை தாமிரபரணியில் முங்கிக் குளிக்க வேண்டாம், பாபநாசம் எவ்வளவு இழுத்தாலும். அப்புறம், ஊர் கிளினிக்கில் சிரிஞ்சால் திரவம் செலுத்திக் குழாயைக் கழுவினால் 10 மில்லி சிரிஞ்சு கேளுங்கள். சின்னதில் அழுத்தம் கூடிக் குழாய் கிழியலாம். கழுவியதும் குளிர் நடுக்கம் வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அப்போதே ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு (பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) கிளம்புங்கள்.